கடவுளின் பொறுமையைப் பழகுவது எப்படி: கோபத்தை விட்டுவிட யூத மரபு காட்டும் வழி, படிப்படியாக

கடவுளும் பிரார்த்தனை செய்கிறார் என்கிறது யூதர்களின் சட்டமும் கதைகளும் அடங்கிய பழைய நூலான தால்மூத். பெராக்கோத் என்ற பகுதியில் வருகிற செய்தி இது. அப்படியானால் அவர் என்னதான் வேண்டிக்கொள்கிறார்? ரவ் என்ற ஆசிரியரின் பெயரால் அங்கே பதிலும் இருக்கிறது: "என் இரக்கம் என் கோபத்தை வெல்லட்டும். என் பிள்ளைகளிடம் நான் இரக்கத்தோடு நடந்துகொள்ளட்டும். சட்டத்தை அளந்து பார்க்காமல் அவர்களுக்காக இறங்கி வரட்டும்."

கோபமே வராத ஒரு கடவுளை யூதர்களின் வேதம் காட்டுவதில்லை. அவருக்குப் பலமுறை கோபம் வருகிறது. வந்த பிறகும் இரக்கத்தின் பக்கம் சாய்கிறார். அதனால்தான் அவருடைய பொறுமையை மனிதன் கற்றுக்கொள்ள முடியும் என்று அந்த மரபு நம்புகிறது. "அவர் இரக்கமுள்ளவராக இருப்பதுபோல நீயும் இரு" என்றார் அப்பா ஷாவுல் என்ற ஆசிரியர். அதை யூதர்கள் அழகான வாக்கியமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் அன்றாடக் கடமையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சரி, கடமை என்றால் எங்கிருந்து தொடங்குவது? இதற்கு மிகத் தெளிவாக விடை எழுதியவர் ரபி மோஷே கோர்டோவேரோ (1522–1570). கலிலேயாவின் ஸஃபெத் நகரில் வாழ்ந்தவர், யூதச் சட்ட அறிஞர் ஜோசப் காரோவின் மாணவர், கபாலா என்னும் மறைஞான மரபின் பெரிய ஆசிரியர். அவர் எழுதிய 'தோமேர் தெவோரா' ஒரு சின்ன நூல்; அவர் மறைந்த பிறகு வெனிஸில் அச்சானது. "அக்கிரமத்தைப் பொறுத்து, மீறுதலை மன்னிக்கிற தேவரீருக்கு ஒப்பான தேவன் யார்?" என்று தொடங்கும் மீகா தீர்க்கதரிசியின் கடைசி மூன்று வசனங்களை அவர் 13 குணங்களாகப் பிரிக்கிறார். ஒவ்வொன்றிலும் கடவுள் எப்படிப் பொறுக்கிறார், அதை மனிதன் எப்படிச் செய்வது என்று விளக்குகிறார்.

கீழே உள்ள படிகள் அவரை ஒட்டியவை. தால்மூத்திலிருந்தும், யூதச் சட்டங்களைத் தொகுத்த மைமோனிடிஸிடமிருந்தும் (1138–1204) தேவையானதைச் சேர்த்திருக்கிறேன். படிகளின் வரிசை என்னுடையது. அப்புறம், இதைப் பின்பற்ற யூதராக இருக்க வேண்டியதில்லை. கோபத்தால் வீட்டிலோ வேலையிலோ எதையாவது இழந்தவர்களுக்கு இதில் நிறைய இருக்கிறது.

முதல் படி: கொடுத்துவந்ததை நிறுத்தாதீர்கள்

கோர்டோவேரோவின் முதல் குணம் இது. மற்ற பன்னிரண்டையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

அவர் சொல்வது இதுதான். ஒருவன் பாவம் செய்கிற அந்தக் கணத்தில்கூட அவன் கை அசைவதற்கான பலம் கடவுளிடமிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது. "என் பலத்தை வைத்தே என்னை எதிர்க்கிறாயா?" என்று அவர் அதை அந்த நொடியே நிறுத்திவிடலாம். யெரொபெயாம் ராஜா தீர்க்கதரிசிக்கு எதிராக நீட்டிய கை அப்படியே மரத்துப்போனதே, அதுபோல எல்லோருக்கும் செய்துவிடலாம். செய்வதில்லை. அவமானத்தைத் தாங்கிக்கொண்டு, பலத்தையும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இதனால் தேவதூதர்கள் அவரை 'அவமதிக்கப்பட்ட அரசர்' என்றே அழைக்கிறார்களாம்.

இந்த விளக்கத்தில் கடவுளின் மனநிலையைப் பற்றி எதுவும் பேசப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அவருடைய கை என்ன செய்கிறது என்பதுதான் பேச்சு. கோபத்தை அடக்குவது என்றதும் நாம் நெஞ்சுக்குள்ளே போய் மல்லுக்கட்டத் தொடங்குகிறோம். கோர்டோவேரோ பார்க்கச் சொல்வது வெளியே: உன்னைப் புண்படுத்தியவருக்கு நேற்றுவரை கொடுத்துவந்த எதை இன்று வெட்டினாய்?

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன்தான் தினமும் காலையில் தம்பியைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். ஓர் இரவு எல்லோர் முன்னாலும் தம்பி அவரை எடுத்தெறிந்து பேசிவிடுகிறான். மறுநாள் காலையில் அண்ணன் என்ன செய்வார்? ஒன்றும் சொல்லாமல் பத்து நிமிடம் முன்னதாகவே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சண்டை என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தண்டனை அங்கேயே தொடங்கிவிட்டது. முதல் படி, அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுத்து வாசலில் காத்திருப்பது. முகம் பார்த்துப் பேச வரவில்லை என்றால் பேச வேண்டாம். வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், போதும்.

செய்முறை எளிது. உங்களுக்குக் கோபம் உள்ள ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நீங்கள் வழக்கமாகச் செய்கிற சின்னச் சின்ன விஷயங்களைத் தாளில் எழுதுங்கள்: காலை வணக்கம், தேநீர், போனை எடுப்பது, அவருடைய வேலையைப் பற்றி நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்வது. எது நின்றிருக்கிறதோ அதில் ஒன்றை மட்டும் இன்று மறுபடி தொடங்குங்கள். கோபம் தணிந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு பேரும் அப்படிக் காத்திருந்தே பல வருடம் பேசாமல் போன குடும்பங்கள் உண்டு.

இங்கே ஓர் எல்லையும் இருக்கிறது. 'குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே' என்ற தோராவின் (மோசேயின் ஐந்து நூல்கள்) கட்டளையை யூதச் சட்டம் விரித்துப் பொருள் கொள்கிறது: தவறு செய்கிறவனுக்கு அந்தத் தவறுக்கான வழியைத் திறந்துகொடுக்கக் கூடாது. குடித்துவிட்டு அடிக்கிறவருக்குக் குடிக்கப் பணம் கொடுப்பது பொறுமையில் சேராது. அவருக்குச் சோறு போடுவது சேரும்.

இரண்டாம் படி: கோபம் ஏறுகிற அந்த நேரத்தில்

இதற்குத் தால்மூத்தில் ஹில்லேல் என்ற பழைய ஆசிரியரின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஷப்பாத் பகுதியில் வருகிறது. ஹில்லேலைக் கோபப்படுத்துகிறவருக்கு 400 ஸூஸ் காசு என்று இரண்டு பேர் பந்தயம் கட்டுகிறார்கள். அன்று வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் தொடங்கப்போகிறது, ஹில்லேல் தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கிறார். பந்தயம் கட்டியவன் அவர் வாசலில் நின்று, "யார் இங்கே ஹில்லேல்? யார் இங்கே ஹில்லேல்?" என்று மரியாதையில்லாமல் கத்துகிறான்.

ஹில்லேல் மேல்துணியைப் போர்த்திக்கொண்டு வெளியே வருகிறார். "மகனே, என்ன வேண்டும்?"

"ஒரு கேள்வி."

"கேள் மகனே, கேள்."

"பாபிலோனியர்களின் தலை ஏன் உருண்டையாக இருக்கிறது?"

ஹில்லேலே பாபிலோனிலிருந்து வந்தவர்தான். குத்திக்காட்டுவதற்கென்றே கேட்ட கேள்வி. "மகனே, பெரிய கேள்வி கேட்டாய். அங்கே கைதேர்ந்த மருத்துவச்சிகள் இல்லை, அதனால்தான்" என்கிறார். அவன் போய்விட்டுச் சிறிது நேரத்தில் திரும்பி வருகிறான், அதே கத்தல். தத்மோர் ஊர்க்காரர்களின் கண் ஏன் கலங்கியிருக்கிறது? மணல் நிறைந்த இடத்தில் வாழ்கிறார்கள். மறுபடி வருகிறான். ஆப்பிரிக்கர்களின் பாதம் ஏன் அகலம்? சதுப்பு நிலத்தில் வாழ்கிறார்கள். "இன்னும் நிறையக் கேள்வி இருக்கிறது, நீங்கள் கோபப்படுவீர்களோ என்று பயம்" என்கிறான். ஹில்லேல் துணியைப் போர்த்திக்கொண்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்து, "எல்லாவற்றையும் கேள்" என்கிறார். கடைசியில் அவனே பொறுக்க முடியாமல், "உங்களால் எனக்கு 400 ஸூஸ் போச்சு" என்று கொட்டிவிடுகிறான். 400 என்ன, இன்னும் ஒரு 400 போனாலும் ஹில்லேல் கோபப்பட மாட்டான் என்பது பதில்.

கதையில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் துணியைப் போர்த்திக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் 'மகனே' என்கிறார். ஒவ்வொரு முறையும் கேள்விக்குப் பதில் சொல்கிறார். கேட்டவனின் நோக்கத்துக்கு அவர் பதிலே சொல்லவில்லை. துணியைப் போர்த்திக்கொள்ள எடுக்கும் அந்தச் சில நொடிகள் நமக்கும் வேண்டும். ஈரக் கையைத் துடைப்பது, நாற்காலியை இழுத்து உட்காருவது, கண்ணாடியைக் கழற்றி வைப்பது என ஏதாவது ஒன்றை உங்களுக்கென்று பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் வாயைத் திறப்பதில்லை என்று பழகுங்கள். பிறகு உறவைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தம்பி, அம்மா, சார், எது உண்மையான உறவோ அது. அப்புறம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

குரலைப் பற்றி நக்மனிடிஸ் என்ற யூத அறிஞர், 13ஆம் நூற்றாண்டில் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: எல்லாச் சொல்லையும், எல்லா மனிதரிடமும், எல்லா நேரத்திலும் அமைதியாகப் பேசு, அதனாலேயே கோபத்திலிருந்து தப்புவாய். கோபம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்த முயன்றால் நடக்காது. கோபமில்லாத நேரத்தில், "உப்பை எடு" என்று சொல்லும்போதே பழகினால்தான் அன்றைக்குக் கை கொடுக்கும். அந்தக் கடிதத்தை வாரத்துக்கு ஒருமுறை வாசிக்கும்படி மகனிடம் கேட்டுக்கொண்டார். இன்றும் பல யூதர்கள் அதை வாசித்துவருகிறார்கள்.

பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டாமா என்ற கேள்வி வரும். மைமோனிடிஸ் மற்றெல்லாக் குணங்களிலும் நடுவழியைச் சொல்கிறவர். கர்வத்திலும் கோபத்திலும் மட்டும் மறு எல்லைக்கே போய்விடச் சொல்கிறார். கோபப்பட நியாயம் இருக்கிற விஷயத்திலும் கோபப்படாதிருக்கப் பழகு என்கிறார். வீட்டாரையோ ஊராரையோ திருத்த வேண்டியிருந்தால் கோபத்தை முகத்தில் காட்டலாம், மனம் உள்ளே தெளிவாக இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க வழி உண்டு: கண்டித்து முடித்த மறு நிமிடமே அந்தப் பிள்ளையோடு சிரித்துப் பேச முடிகிறதா? முடியவில்லை என்றால் முகத்தில் காட்டியது உள்ளேயும் போய்விட்டது.

பாத்திரத்தை உடைப்பது, துணியைக் கிழிப்பது, பணத்தை விட்டெறிவது எல்லாம் வேறு கணக்கு. கோபத்தில் அப்படிச் செய்பவனைச் சிலை வணங்குபவனுக்குச் சமமாகப் பாருங்கள் என்கிறது தால்மூத். ஒரு யூத நூல் இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: எதிரில் இருப்பவருக்குக் கோபம் என்றால்

சும்மா இருங்கள். "உன் தோழன் கோபமாக இருக்கும் நேரத்தில் அவனைச் சமாதானப்படுத்த முயலாதே" என்பது தால்மூத்துக்கு அடிப்படையான தொகுப்பான மிஷ்னாவின் அறிவுரை. பக்கத்தில் இருங்கள், தண்ணீர் கொடுங்கள், விளக்கம் மட்டும் கொடுக்காதீர்கள். விளக்கத்துக்கு நாளை நேரம் இருக்கிறது.

நான்காம் படி: சொல்லிவிடுங்கள்

பொறுமை என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நினைப்பவர்கள் பலர். தோரா அதைத் தடுக்கிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் நான்கு கட்டளைகள் அடுத்தடுத்து வருகின்றன: உன் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கடிந்துகொள், பழிவாங்காதே, மனதில் பொருமி வைக்காதே. பகையை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே சிரிப்பது முதல் கட்டளையையே மீறுகிறது. மைமோனிடிஸ் இதற்குத் தாவீது ராஜாவின் மகன் அப்சலோமை உதாரணம் காட்டுகிறார். தன் தங்கையைக் கெடுத்த அம்னோனோடு அப்சலோம் நன்மையோ தீமையோ எதுவும் பேசவில்லை. இரண்டு வருடம் மௌனம். அது கொலையில் முடிந்தது.

ஆகவே போய்ச் சொல்ல வேண்டும். எப்படி என்பதற்கும் மைமோனிடிஸிடம் பதில் இருக்கிறது: தனியாக, மென்மையாக, அவனுடைய நன்மைக்காகவே சொல்வதாக அவனுக்குப் புரியும்படி. தொடங்க வேண்டிய வாக்கியம் "ஏன் எனக்கு இப்படிச் செய்தாய்?" என்பது. "நீ எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்கினால் அது தீர்ப்பாகிவிடும். "ஏன்" என்று கேட்டால் அவருக்கு ஒரு பதில் இருக்கக்கூடும் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். பல நேரம் உண்மையிலேயே பதில் இருக்கும். நாம் நினைத்தது நடந்தே இருக்காது.

சொல்லாமலே விட்டுவிடவும் அனுமதி உண்டு. எதிராளி மிகவும் எளியவர், அல்லது மனம் குழம்பிய நிலையில் இருக்கிறார், நாமும் உள்ளத்தில் முழுதாக மன்னித்துவிட்டோம் என்றால் பேசாமல் இருப்பது உயர்ந்த குணமே என்கிறார் அவர். முழுதாக என்பதுதான் நிபந்தனை.

ஐந்தாம் படி: அரிவாளும் கோடரியும்

பழிவாங்குவதற்கும் மனதில் பொருமுவதற்கும் என்ன வித்தியாசம்? தால்மூத் இப்படி விளக்குகிறது. ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் அரிவாள் இரவல் கேட்கிறான். இல்லை என்கிறான் அவன். மறுநாள் அவனே வந்து இவனிடம் கோடரி கேட்கிறான். "நீ தரவில்லையே, நானும் தர மாட்டேன்" என்றால் அது பழி. "இந்தா, எடுத்துக்கொள். நான் உன்னைப் போல இல்லை" என்றால் அது பொருமல். இரண்டும் கூடாது.

இரண்டாவதில்தான் நல்லவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கொடுக்கிறார்கள், கூடவே ஒரு வார்த்தையும் கொடுக்கிறார்கள். அந்த வார்த்தையை விழுங்கிவிடுவதுதான் இந்தப் படியின் பயிற்சி.

இன்னும் ஒரு அடி மேலே போக விரும்பினால்: பாரம் தாங்காமல் விழுந்து கிடக்கும் உன் பகைவனின் கழுதையைக் கண்டால் அவனோடு சேர்ந்து உதவு என்கிறது யாத்திராகமம். நண்பனுக்குச் சுமை இறக்க வேண்டியிருக்கிறது, பகைவனுக்குச் சுமை ஏற்ற வேண்டியிருக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் யாருக்கு முதலில்? பகைவனுக்கு, உன் உள்ளத்தின் கெட்ட வேகத்தை அடக்குவதற்காக, என்கிறது தால்மூத். கோர்டோவேரோவும் ஐந்தாவது குணத்தில் இந்தக் கழுதையையே பிடித்துக்கொள்கிறார். கடவுள் கோபத்தை என்றைக்கும் பிடித்துவைப்பதில்லை. எதிராளி இன்னும் மாறாவிட்டாலும் பிடித்துவைப்பதில்லை. பகைவனை அன்பால் அருகில் கொண்டுவரப் பாருங்கள், அதற்கு ஒரு வாய்ப்புதான் அந்தக் கழுதை, என்பது அவர் கருத்து. அலுவலகத்தில் நமக்குப் பிடிக்காதவர் ஒரு வேலையில் திணறும்போது, அவர் கேட்காமலே போய் ஒரு கை கொடுத்துப் பாருங்கள். மனம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று அப்போது தெரியும்.

ஆறாம் படி: தூங்குவதற்கு முன்

மார் ஸூத்ரா என்ற ஆசிரியர் படுக்கைக்குப் போகும்போது, "என்னைத் துன்பப்படுத்திய எல்லோரையும் மன்னித்தேன்" என்று சொல்வாராம். அதிலிருந்து வளர்ந்த ஒரு வேண்டுதல் பல பிரார்த்தனைப் புத்தகங்களில் இரவு நேர 'ஷெமா' என்ற பிரார்த்தனைக்கு முன்னால் இருக்கிறது. அதன் பொருளைச் சுருக்கிச் சொல்கிறேன்: என்னைக் கோபப்படுத்தியவர், எரிச்சலூட்டியவர், என் உடலுக்கோ பணத்துக்கோ மானத்துக்கோ கேடு செய்தவர், தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், சொல்லால் செய்தாலும் செயலால் செய்தாலும், எல்லோரையும் மன்னிக்கிறேன். என் பொருட்டு எவரும் தண்டிக்கப்படக் கூடாது.

கடைசி வரியில் கொஞ்சம் நின்று சொல்லுங்கள். மன்னித்துவிட்டேன் என்று நாம் சொல்லும்போதும், 'அவன் அனுபவிப்பான்' என்ற எண்ணம் ஒரு மூலையில் காத்திருக்கும். அந்த வரி அதையும் எடுத்துவிடுகிறது. ஒரே இரவில் நடக்காது. தினமும் சொல்வதற்காகத்தான் அதைப் படுக்கையோடு சேர்த்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒருவரை மன்னிக்க வரவில்லை என்றால், அவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். நாளை அவரிடம் திரும்பி வாருங்கள்.

ஏழாம் படி: மன்னிப்புக் கேட்டு வந்தால்

கொடுத்துவிடுங்கள், இழுத்தடிக்காதீர்கள். மனமாரக் கேட்பவரை மன்னிக்க மறுப்பது கொடுமை என்று மைமோனிடிஸ் எழுதுகிறார். கேட்பவரின் பக்கமும் சட்டம் இருக்கிறது: மூன்று தடவை, ஆட்களைக் கூட்டிக்கொண்டுகூடப் போய்க் கேட்க வேண்டும். மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ள குற்றத்தை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தாதவரை யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாளின் உபவாசமும் தீர்க்காது என்பது மிஷ்னாவின் தீர்மானம்.

மன்னித்த பிறகு பழையபடி இருப்பது போதுமா? போதாது என்கிறார் கோர்டோவேரோ. ஏழாவது குணத்தில் அவர் சொல்வது: மனிதர்கள் சமாதானமானாலும் முதலில் இருந்த அன்பு திரும்புவதில்லை. கடவுளிடம் அப்படியில்லை, திரும்பி வந்தவனுக்கு முன்பைவிட நெருக்கமான இடம். நாமும் திரும்பி வந்தவரிடம் மற்ற நண்பர்களிடம் இருப்பதைவிடக் கூடுதல் நெருக்கம் காட்ட வேண்டும். எனக்கு இது மிகவும் கடினமான படியாகத் தெரிகிறது. ஒருமுறை ஏமாந்த இடத்தில் முன்பைவிட அருகில் போய் உட்காருவது. ஆனாலும் இதில்லாமல் மன்னிப்பு பாதியில் நின்றுவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

எட்டாம் படி: வாரத்துக்கு ஒன்று

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் ஒன்றும் நிலைக்காது. 1808இல் மெனாஹெம் மெண்டல் லெஃபின் என்ற அறிஞர் ஒரு முறையை வெளியிட்டார். 13 குணங்களைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு ஒன்று என்று கவனித்து, தினமும் தவறிய இடத்தைக் குறித்துவைப்பது. 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்தில் நான்கு சுற்று. பின்னால் லித்துவேனியாவில் இஸ்ரேல் சலான்டரின் முசார் என்னும் ஒழுக்கப் பயிற்சி இயக்கத்தார் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். லெஃபினின் குணங்கள் வேறு. கோர்டோவேரோவின் 13ஐயும் அதே சட்டகத்தில் போட்டுக்கொள்ளலாம், எண்ணிக்கை ஒத்துப்போகிறது. குறிப்பேட்டில் நீளமாக எழுத வேண்டாம். யாரிடம், எந்த நேரத்தில், எதை நிறுத்தினேன் என்று ஒரு வரி போதும். சில வாரத்தில் அதே ஆளும் அதே நேரமும் திரும்ப வருவது தெரியும். பசியோடு வீட்டுக்கு வரும் நேரம் பலருக்கு அதில் நிச்சயம் இருக்கும்.

இலையுதிர்காலத்து ரோஷ் ஹஷானா புத்தாண்டில் யூதர்கள் நீர்நிலைக்குப் போய் மீகாவின் இதே வசனங்களைச் சொல்வது வழக்கம். 'நம்முடைய பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவீர்' என்ற வரி அதில் வருகிறது. அதற்கு முந்தைய எலூல் மாதம், உறவுகளைச் சரிசெய்துகொள்ளும் மாதம்.

ஒன்பதாம் படி: தகுதியே இல்லாதவருக்கு

இங்கே முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களை அடிக்கிறவரிடமிருந்து விலகிப் போவதை இந்த மரபு தடுக்கவில்லை. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது சுவரோரம் நின்று பொறுத்துக்கொள்ளவில்லை; ஓடித் தப்பினான். பின்னால் சவுலைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் கொல்லவில்லை. தூரத்தில் இருந்துகொண்டே பொறுமையாக இருக்க முடியும்.

மோசே மலைமேல் ஏறிப்போனபோது, கடவுள் தம் குணங்களில் 'நீடிய சாந்தம்' என்று எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார் என்று ஒரு தால்மூத் கதை உண்டு. "நீதிமான்களுக்குத்தானே?" என்று கேட்டார் மோசே. "கெட்டவர்களுக்கும்தான்." "கெட்டவர்கள் அழிந்துபோகட்டுமே!" "இது உனக்கே தேவைப்படும், பார்." பிறகு கானான் நாட்டை வேவு பார்த்து வந்தவர்களின் பேச்சைக் கேட்டு மக்கள் எல்லோரும் கலகம் செய்து, அழிவு நெருங்கியபோது, மோசே மன்றாடியது அந்த நீடிய சாந்தத்தைச் சொல்லித்தான்.

மன்னிக்க ஒரு காரணமும் கிடைக்காதவர் ஒருவராவது நம் எல்லோருக்கும் இருப்பார். அவருக்காகவே கோர்டோவேரோ கடைசி இரண்டு குணங்களை வைத்திருக்கிறார். பன்னிரண்டாவதில், அவருடைய முன்னோரைப் பாருங்கள் என்கிறார்; இவர் ஒன்றும் இல்லாவிட்டாலும் நல்லவர்களின் பிள்ளை, அவர்கள் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவும் உதவாவிட்டால் பதின்மூன்றாவது இருக்கிறது. இவரும் ஒரு காலத்தில் பால் மறந்த குழந்தையாக இருந்தவர், அந்த நாளில் இவர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்ததில்லை. அந்த நாட்களை அவருக்காக நினைத்து, அவருடைய நலனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். அப்படிப் பார்த்தால் நன்மைக்குத் தகுதியில்லாதவர் என்று ஒருவர்கூட மிஞ்ச மாட்டார் என்பது அவருடைய முடிவு.